முட்டிக்குக் கீழே ஏன் வலிக்கிறது? ஓடுபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் ஓர் எளிய விளக்கம்

ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேண்ட்டை முட்டி வரை சுருட்டிக்கொள்ளுங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே தடவினால் ஒரு மேடு கையில் படும். அங்கிருந்து கணுக்கால் வரை, மேலே சதையே இல்லாமல், தோலுக்கு நேர் அடியில் இறங்கும் எலும்புதான் டிபியா. இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போகிறதே, அதே எலும்பு. இப்போது கட்டைவிரலை அதன் உட்பக்க ஓரத்துக்கு நகர்த்துங்கள். எலும்பு முடிந்து கெண்டைச் சதை தொடங்கும் விளிம்பு ஒன்று தட்டுப்படும். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே தொடங்கி, அந்த விளிம்பு வழியே மெதுவாக அழுத்திக்கொண்டே மேலே போங்கள்.

ஓட ஆரம்பித்த சில வாரங்களில் வரும் கால்வலி பெரும்பாலும் இந்த விளிம்பில்தான், அதுவும் காலின் கீழ்ப்பாதியில்தான் இருக்கும். மூன்று விரல் அகலத்துக்கு மேல், அதாவது 5 சென்டிமீட்டருக்கும் கூடுதலான நீளத்துக்கு, இங்கேயும் வலிக்கிறது, அங்கேயும் வலிக்கிறது என்று பரவலாக இருந்தால் அதை ஷின் ஸ்பிளிண்ட் என்பார்கள். டாக்டர் சீட்டில் மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம் என்று எழுதியிருக்கும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடத்தில் மட்டும் சுருக்கென்று குத்தினால் கதை வேறு, அதற்குப் பின்னால் வருகிறேன். விளிம்பில் ஒன்றுமில்லை, எலும்புக்கு வெளிப்பக்கத்துச் சதைதான் கடுக்கிறது என்றால் அதுவும் வேறு. இந்த மூன்றையும் ஓரளவு பிரித்துப் பார்க்கக் கட்டைவிரலே போதும். ஸ்கேன் எல்லாம் அப்புறம்.

மூச்சு தயார், எலும்பு தயாரில்லை

நம் ஊரில் இந்த வலியோடு நொண்டுகிறவர்களை விசாரித்தால் ஒரு விஷயம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்: திடீரென்று தொடங்கியிருப்பார்கள், அல்லது திடீரென்று கூட்டியிருப்பார்கள். காவலர் தேர்வு அறிவிப்பு வந்ததும் கிரவுண்டில் இறங்கும் பையன், 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். அக்னிவீர் முகாமுக்குத் தயாராகிறவனுக்கு நெருக்கடி இன்னும் அதிகம், 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால்தான் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிட்டு நவம்பரில் ஷூ வாங்குகிற ஐ.டி. ஊழியர். சுகர் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாளே ஒரு மணி நேர நடையைத் தொடங்கிவிடும் அப்பா. அதுவரை பஸ் ஸ்டாப்புக்குக்கூட நடக்காத கால்களோடு தைப்பூசத்துக்குப் பழனிக்குக் கிளம்பி, ஒரே நாளில் 30, 40 கிலோமீட்டர் போகிறவர்கள்.

இவர்களில் யாரும் சோம்பேறிகள் இல்லை. சொல்லப்போனால் சோம்பேறிக்கு இந்த வலி வரவே வராது. உடம்பில் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை, அங்கேதான் சிக்கல். தினமும் ஓடத் தொடங்கினால் இரண்டு மூன்று வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்துவிடும். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். தசைக்கு ஒன்றிரண்டு மாதம் வேண்டும். எலும்புக்கோ மூன்று, நான்கு மாதம். மூன்றாவது வாரத்தில் ‘இப்போது மூச்சே வாங்குவதில்லை, இன்னும் இரண்டு ரவுண்டு போகலாம்’ என்று தோன்றுகிறதே, அந்த நேரம்தான் எலும்பு ஆகப் பலவீனமாக இருக்கும் நேரம். என்னைக் கேட்டால் இந்த வலியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடுகிறது.

ஏன் பலவீனமாக இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு கிலோமீட்டர் மிதமாக ஓட ஏறக்குறைய 1000 அடி எடுத்துவைக்கிறோம், ஒரு காலுக்கு 500. ஒவ்வொரு முறை கால் தரையில் பதியும்போதும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை திரும்பி வருகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால், ஒவ்வொரு காலும் 140 முதல் 210 கிலோ வரையிலான தாக்குதலை 2500 முறை வாங்குகிறது. இது வெறும் அமுக்கமும் இல்லை. டிபியா ஒவ்வொரு அடிக்கும் மிகக் கொஞ்சமாக வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவு அதிகமாக விழுவது கீழ்ப்பாதியில், எலும்பு மெலிந்து வரும் இடத்தில்.

வளைந்து நிமிரும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழும். அது நல்லதுக்குத்தான். ‘இந்த இடம் போதாது, பலப்படுத்து’ என்று உடம்புக்குப் போகும் தகவல் அது. எலும்புக்குத் தேவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் குணம் உண்டு என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவைத்தார். ஆனால் அந்த மராமத்து நடக்கும் விதம் நம் தெருவில் ரோடு போடுவதைப் போலத்தான்: முதலில் பழையதைத் தோண்டுவார்கள், பிறகுதான் புதியதைக் கொட்டுவார்கள். தோண்டும் செல்கள் இரண்டு மூன்று வாரத்தில் வேலையை முடித்துவிடும். நிரப்பும் செல்கள் புது எலும்பைப் போட்டுக் கெட்டிப்படுத்த மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் உள்ள காலத்தில் அந்த இடம் பழையதைவிடவும் லேசானது. அப்போது ஓட்டத்தைக் கூட்டினால் நிரப்புவதற்குள் புதிதாக விரிசல் விழுகிறது, கணக்கு நேராகாமல் வலி தொடங்குகிறது.

எலும்பின் மேல் ஒரு மெல்லிய உறை இருக்கிறது. நரம்புகள் நிறைந்தது, அதனால்தான் அழுத்தினால் அப்படி வலிக்கிறது. கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள சோலியஸ் போன்ற தசைகள் இந்த உறையைப் பிடித்து இழுப்பதால்தான் வலி என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். எலும்பு வளைவதால் வரும் களைப்புதான் முதன்மைக் காரணம் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். நிபுணர்கள் இன்னும் முழுதாக ஒத்துப்போகவில்லை. நமக்கு அதனால் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டிலும் சிகிச்சை ஒன்றுதான்.

சிலருக்கு மட்டும் ஏன் சீக்கிரம் வருகிறது? ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். உடல் எடை கூடியவர்கள், நின்றால் பாதத்தின் உள்வளைவு தரையோடு தரையாகத் தாழ்ந்துவிடும் தட்டைப் பாதக்காரர்கள், ஓடிப் பழக்கமே இல்லாதவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் உண்டு. தட்டைப் பாதம் இருந்தாலே வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயுள் முழுக்கத் தட்டைப் பாதத்தோடு வயலில் நடந்தவர்கள் எத்தனையோ பேர்.

நடப்பவர்களின் வலி

ஓடாமல் வெறுமனே நடக்கிறவர்கள் ‘எனக்கும் அங்கேதான் வலி’ என்று சொல்லும்போது, தொட்டுக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் வேறு இடத்தைக் காட்டுவார்கள். எலும்பின் முன்பக்கக் கூர்விளிம்புக்கு வெளிப்பக்கம், முட்டிக்குக் கீழே கொஞ்சம் புடைத்திருக்கும் சதை. பாதத்தை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள், அந்த இடம் இறுகும். டிபியாலிஸ் ஆன்டீரியர் என்பது அந்தத் தசையின் பெயர். ஒவ்வொரு அடியிலும் விரல் தரையில் தட்டாமல் பாதத்தைத் தூக்குவது அதன் வேலை. குதிகால் பதிந்த பிறகு பாதம் ‘தப்’பென்று விழாமல் மெதுவாக இறக்கி வைப்பதும் அதுதான்.

வேகமாக நடக்க நடக்க இந்தத் தசைக்கு வேலை ஏறிக்கொண்டே போகும். மணிக்கு 7 கிலோமீட்டரை நெருங்கும்போது தாங்க முடியாமல் எரியும். வேடிக்கை என்னவென்றால், அதே வேகத்தில் மெல்ல ஓட ஆரம்பித்தால் எரிச்சல் இறங்கிவிடும். மனிதர்கள் அந்த வேகத்தில் தானாகவே நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவதற்கு இந்தத் தசையின் களைப்பும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே காலையில் பூங்காவில் கையை வீசிக்கொண்டு, நீள நீளமாக எட்டுவைத்து, ‘பிரிஸ்க் வாக்’ போகிறவருக்கு முதல் பத்து நிமிடத்திலேயே முன்சதை கடுக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. எட்டைக் குறுக்கினாலே பாதி சரியாகிவிடும். முதல் பத்து நிமிடம் மெதுவாக நடந்து, தசை சூடான பிறகு வேகத்தைக் கூட்டலாம். மலைப்பாதையில் இறங்கும்போது இதே தசை இரட்டிப்பாக உழைக்கும். கடினமான, கனமான ஷூவும் இதைச் சோர்வாக்கும்.

எப்போது அலட்சியம் கூடாது

பிரெய்தாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் 1855-இல் ஒன்றைப் பதிவு செய்தார். நீண்ட அணிநடைக்குப் பிறகு சில சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிக்கிறது, ஆனால் அடிபட்ட அடையாளமே இல்லை. எக்ஸ்-ரே கண்டுபிடிக்க இன்னும் 40 வருடம் இருந்தது. பிற்பாடுதான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. விழாமல், இடிக்காமல், திரும்பத் திரும்ப நடந்தே முறியும் இதை ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிறோம். ஓடுபவர்களுக்கு இது அடிக்கடி வரும் இடங்களில் முதன்மையானது டிபியா.

ஷின் ஸ்பிளிண்டைக் கவனிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அது இங்கே வந்து முடியலாம். வித்தியாசம் இப்படித் தெரியும். சாதாரண வலி ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், சூடு பிடித்ததும் குறையும், ஓடி முடித்த பிறகு திரும்ப வரும். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது கொஞ்சம் பிடிக்கும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரில் ஓட ஓட வலி ஏறும், குறையாது. ஒரே புள்ளியில் இருக்கும். பிறகு நடந்தாலே வலிக்கும், கடைசியில் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கும். அந்தக் காலில் மட்டும் நின்று ஒருமுறை குதித்தால் அலறிவிடுவீர்கள். எலும்பின் முன்பக்கக் கூர்விளிம்பிலேயே, நட்டநடுவில் அந்தப் புள்ளி இருந்தால் அது இன்னும் மோசமான வகை. ஆறப் பல மாதம் ஆகும், சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும்.

எலும்பு டாக்டரிடம் போனால் எக்ஸ்-ரே எடுப்பார். முதல் இரண்டு மூன்று வாரத்தில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. ‘எக்ஸ்-ரே நார்மல்’ என்று கையில் ஃபிலிமை வைத்துக்கொண்டு மறுநாளே ஓடப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதுதான் வழி. செலவு கூடுதல்தான். கையில் பணம் இல்லையென்றால் முறிவு என்றே வைத்துக்கொண்டு ஓட்டத்தை நிறுத்தி, மூன்று வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்-ரே எடுக்கலாமா என்று டாக்டரிடமே கேட்கலாம்.

இன்னொன்று உண்டு. ஓட ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில், உதாரணமாக எட்டாவது நிமிடத்தில், காலின் சதை கல்லாக இறுகி, பாதம் மரத்துப்போய், நின்றால் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறதா? ஓடாத நாளில் அழுத்தினாலும் வலியே இல்லையா? அது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமாக இருக்கலாம். தசைகளைச் சுற்றியுள்ள உறை விரிந்துகொடுக்காததால் உள்ளே அழுத்தம் ஏறுவது. இதற்கு ஐஸ் ஒத்தடம், ஓய்வு எதுவும் பெரிதாக உதவாது, விளையாட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடிபட்ட பிறகோ கட்டு போட்ட பிறகோ இதே இறுக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அது அவசர சிகிச்சைப் பிரிவு விஷயம், மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

ஐம்பதைத் தாண்டிய நடைப்பயிற்சிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுகர் இருக்கிறது, அல்லது சிகரெட் பழக்கம் உண்டு. குறிப்பிட்ட தூரம் நடந்தால் கெண்டைச் சதை பிடித்து இழுக்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் போய்விடுகிறது, திரும்ப நடந்தால் அதே தூரத்தில் திரும்ப வருகிறது. இது எலும்பு வலி அல்ல. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய வலி. தைலம் தேய்த்து நாளைக் கடத்த வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டை கனத்துப்போயிருந்தால், அதிலும் நீண்ட பஸ் அல்லது விமானப் பயணத்துக்குப் பிறகு என்றால், நரம்பு சுருண்டுவிட்டது என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம். முதுகிலிருந்து தொடைவழியாக இறங்கி வரும் வலிக்கு மூலம் முதுகுத்தண்டில் இருக்கும்.

சரி, என்ன செய்வது?

பரவலான, சாதாரண வகை வலிதான் என்று உறுதியானால், முதல் வேலை ஓட்டத்தை நிறுத்துவது. படுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. சைக்கிள் ஓட்டலாம், நீந்தலாம், வலிக்காத அளவுக்கு நடக்கலாம். ஓடிப் பழகிய மூச்சுத்திறன் விட்டுப்போய்விடும் என்ற பயம்தான் பலரை ஓட வைக்கிறது. சைக்கிளில் வியர்க்க வியர்க்க அரை மணி நேரம் மிதித்தால் அது விட்டுப்போகாது, எலும்புக்கு அடியும் விழாது.

ஐஸை ஒரு துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி அடங்கும். ஆற்றும் என்று நினைக்க வேண்டாம், வலியை மட்டும்தான் குறைக்கும். மாத்திரையும் அப்படியே. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போட்டுக்கொண்டு கிரவுண்டுக்குப் போகும் பழக்கம் தேர்வுக்குத் தயாராகும் பையன்களிடம் சகஜம். அது வலியை மறைப்பதால் முறிகிற கட்டம் வரை ஓட விடும். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்போடு, அதுவும் வெறும் வயிற்றில் போட்டால், சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கெடுதல். வேண்டாம் என்பேன்.

எண்ணெய் போட்டு உருவி விடுவதைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். கெண்டைச் சதையை இதமாகப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும், தப்பில்லை. ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று அந்த எலும்பு விளிம்பில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே அழுத்தி இழுப்பார்கள் பாருங்கள், அது புண்பட்ட உறையை மேலும் புண்ணாக்கும். முறிவு இருக்குமோ என்ற சந்தேகம் உள்ள காலைக் கட்டுப் போடுகிறவரிடமும் உருவுகிறவரிடமும் முதலில் கொண்டுபோகாதீர்கள்.

ஓடுவதற்கு முன் நன்றாக ஸ்ட்ரெச்சிங் செய்தால் இதெல்லாம் வராது என்று கோச்சுகள் சொல்வார்கள். ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1538 பேரை வைத்து இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவு ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஸ்ட்ரெச்சிங் செய்தது, இன்னொன்று செய்யவில்லை. 12 வாரம் கழித்துக் காயங்களில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்ற பிரபலமான விதிக்கும் இதே கதிதான். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் 500-க்கும் மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்களைப் பிரித்து, ஒரு பிரிவை 10 சதவீதக் கணக்கில் 13 வாரமும், இன்னொன்றை 8 வாரத்திலும் தயார் செய்தார்கள். 2008-இல் வந்த முடிவில் இரண்டிலுமே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். 10 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. காலை எட்டு மணி முதல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவே அதிகமாக இருக்கலாம், பத்து வருடம் கபடி ஆடியவருக்கு அது ஒன்றுமே இல்லாமல் போகலாம். உங்கள் கால் எலும்பு சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

அதைக் கேட்கும் முறை எளிது. அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லை, மறுநாள் காலையும் இல்லை, விளிம்பை அழுத்தினால் ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை, ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தாலும் வலிக்கவில்லை. இந்த நான்கும் சரியென்றால் திரும்ப ஓடலாம். லேசான வலிக்கு இது இரண்டு மூன்று வாரத்தில் வரும். இழுத்தடித்த வலிக்கு ஆறு வாரம், சில சமயம் மூன்று மாதம். தொடக்கம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. ஒன்றுவிட்டு ஒரு நாள் மட்டும். இரண்டு முறை வலியில்லாமல் முடித்தால் அடுத்த கட்டம்: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. தூரத்தை முதலில் மீட்டுக்கொள்ளுங்கள், வேகத்தைக் கடைசியாக. ஓடும்போது பத்துக்கு இரண்டு அளவு வலி எட்டிப்பார்த்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அது போய்விட வேண்டும். போகவில்லையென்றால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள்.

காலைப் பலப்படுத்துவது இதோடு சேர்ந்து நடக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓடும்போது சோலியஸ் தசை உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் அதிகமான விசையைத் தருகிறது. அந்தத் தசை களைத்தால் அதிர்ச்சியை எலும்பு தனியாக வாங்க வேண்டியதுதான். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். முட்டியை நேராக வைத்து 15 முறை, பிறகு முட்டியைக் கொஞ்சம் மடக்கி 15 முறை. மடக்கிச் செய்வதுதான் சோலியஸுக்கு. இரண்டு காலில் எளிதானதும் ஒற்றைக் காலில். மூன்று நொடி எடுத்து இறக்குங்கள், சடாரென்று விழக் கூடாது. நடப்பவர்களின் முன்சதை வலிக்கு இதன் மறுபக்கம்: சுவரில் முதுகைச் சாய்த்து, பாதத்தை ஓரடி முன்னால் வைத்து நின்று, குதிகால் தரையில் இருக்க விரல் பக்கத்தை மட்டும் தூக்கி இறக்க வேண்டும். இருபதாவது முறையில் தானாகவே தெரியும் எந்தத் தசை என்று.

ஓடும் விதத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும் என்று யாராவது கேட்டால், எட்டைக் குறுக்கி அடிகளைக் கூட்டச் சொல்வேன். ஒரு நிமிடத்தில் 160 அடி வைப்பவர் அதே வேகத்தில் 170 வைத்தால், குதிகால் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழுவது குறையும், ஒவ்வொரு அடியின் தாக்கமும் குறையும்.

ஷூ விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலைக்கும் வலிக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, காலுக்குச் சுகமாக இருப்பதே சரியான ஷூ. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். ஓடும் இடம் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் ‘மணல் மெத்தென்றிருக்கிறது, காலுக்கு நல்லது’ என்று உதிரி மணலில் ஓடுகிறார்கள். குதிகால் புதைவதால் கெண்டைச் சதை மிக அதிகமாக உழைக்கும். அலை நனைத்த ஓரம் கெட்டிதான், ஆனால் சரிவு. ஒரு திசையிலேயே ஓடினால் ஒரு காலுக்குச் சுமை மாறிப்போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால் இரண்டும் நல்ல பயிற்சி, வலி இருக்கும்போது வேண்டாம். பள்ளி மைதானத்து மண் தரை எனக்கு எப்போதும் முதல் தேர்வு.

சாப்பாட்டை மறந்துவிட வேண்டாம். எடை குறைக்க ஓடுகிறவர்கள் சாப்பாட்டையும் சேர்த்துக் குறைப்பார்கள், எலும்புக்குக் கட்டுமானச் சாமான் வராது. பெண்களுக்கு ஓட்டம் கூடி, சாப்பாடு குறைந்து, மாதவிலக்கு தள்ளிப்போகவோ நின்றுபோகவோ செய்தால் அது எலும்பு தேய்வதற்கான எச்சரிக்கை. ‘தொல்லை விட்டது’ என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் வைட்டமின் டி குறைபாடு எப்படி வரும் என்று கேட்கலாம், ஆனால் நம்மில் ஏராளமானவர்களுக்கு இருக்கிறது. அடிக்கடி எலும்பு வலி வருபவர்கள் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, களியோ கூழோ எதுவானாலும் சரி.

நாள் குறித்தவர்களுக்கு

பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ நடக்கப் போகிறவர்கள் குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் சாதாரண நடை, ஒரு நாள் நீண்ட நடை. அந்த நீண்ட நடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி 20 கிலோமீட்டர் வரை கொண்டுவந்தால் போதும். வெறுங்காலோடு போவதாக வேண்டுதல் என்றால் வெறுங்காலில் பழகுவதையும் இதே போலப் படிப்படியாகச் செய்ய வேண்டும். தார் ரோட்டில் முதல் முறை செருப்பைக் கழற்றும் நாள் யாத்திரையின் முதல் நாளாக இருக்கக் கூடாது. வழியில் முன்சதை கடுத்தால் வேகத்தைக் குறைத்து எட்டைக் குறுக்குங்கள், இரவில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஒரே புள்ளியில் குத்த ஆரம்பித்தால் மிச்ச தூரத்துக்கு வண்டி ஏறிவிடுங்கள்.

உடற்தகுதித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது, விளிம்பில் பரவலாக வலிக்கிறது என்பவர்களுக்கு: தினமும் கிரவுண்டுக்குப் போவதை நிறுத்துங்கள். மூன்று வாரத்தில் புதிதாக வேகம் ஏறப்போவதில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் போதும். வாரத்தில் நான்கு நாள் சைக்கிள், அதில் இரண்டு நாள் நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு. இரண்டாவது வாரத்திலிருந்து வலி அனுமதித்தால் வாரத்துக்கு இரண்டே ஓட்டம், 400 மீட்டராகப் பிரித்து, நடுவில் நடையோடு. கடைசி நான்கு நாள் ஓட்டமே வேண்டாம். குத்தும் வலி ஒரே புள்ளியில் இருந்து, நடந்தாலே வலித்தால், இந்த முறை ஓட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வயது வரம்பு இடம் கொடுத்தால் அடுத்த அறிவிப்புக்கு எழுதலாம். டிராக்கில் முழுதாக முறிந்த டிபியாவுக்குக் கம்பி வைத்தால் அடுத்த வருடத்து மருத்துவப் பரிசோதனையில் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.